மேசைக்கணினிக்கான வைஃபை அடாப்டர்: உள்வகையும் வெளிவகையும்

வைஃபை அடாப்டர் என்பது மேசைக்கணினியை ரேடியோ அலை வழியாக ரவுட்டருடன் இணைக்கும் கருவி. கேபினெட்டுக்குள் மதர்போர்டின் ஸ்லாட்டில் பொருத்தப்படுவது உள்வகை. வெளியே யூஎஸ்பி போர்ட்டில் செருகப்படுவது வெளிவகை. இரண்டிலும் ரேடியோ சிப்பு, ஆன்டெனா, கணினியோடு பேசும் இணைப்புப் பாதை என்ற மூன்று உறுப்புகள் உண்டு. ஆன்டெனா எங்கே நிற்கிறது, தரவு எந்தப் பாதையில் கணினிக்குள் போகிறது, டிரைவர் எவ்வளவு காலம் கிடைக்கும் என்ற மூன்றையும் வைத்தே தேர்வு அமைகிறது.

வகைப்பாடு

உள்வகையில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதலாவது பழைய பிசிஐ அட்டை. இப்போது பழைய கணினிகளில் மட்டுமே காணப்படுகிறது. இரண்டாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை. கேபினெட்டின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மிகச் சிறிய எக்ஸ்1 ஸ்லாட்டில் இதைப் பொருத்துவார்கள். மூன்றாவது எம்.2 அட்டை. விரல் அகலமே உள்ள இது மதர்போர்டிலேயே ‘ஈ’ வகைச் சாவி கொண்ட ஸ்லாட்டில் படுக்கையாக அமர்கிறது.

எம்.2 அட்டைகளில் கவனிக்க வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் இயங்கும் முழு அட்டைகள். ஏஎக்ஸ்201 பார்வைக்கு அப்படியே இருந்தாலும், அதன் வேலையில் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கிறது. சிஎன்விஐ எனப்படும் இந்த ஏற்பாடு இல்லாத பழைய இன்டெல் பலகையிலோ ஏஎம்டி பலகையிலோ அது இயங்காது.

வெளிவகையிலும் மூன்று பிரிவுகள் உண்டு. போர்ட்டுக்கு வெளியே நகத்தளவே தெரியும் நானோ டாங்கிள், நிமிர்த்தி வைக்கும் ஆன்டெனா உள்ள டாங்கிள், நீள யூஎஸ்பி கேபிளோடு மேசைமீது நிற்கும் பீடவகை ஆகியவை அவை. ஈதர்நெட் போர்ட்டில் இணையும் வைஃபை பிரிட்ஜ் தனிப்பெட்டி என்பதால் இந்த வகைப்பாட்டில் சேர்க்கப்படுவதில்லை.

வரலாறு

கணினிகளுக்கான கம்பியில்லா இணைப்பு வெளிப்பெட்டியாகவே பிறந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் தலைமையில் உருவான அலோஹாநெட் 1971இல் இயங்கத் தொடங்கியது. தீவுகளில் இருந்த முனையங்களை நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் பல்கலைக்கழகக் கணினியோடு அது இணைத்தது. ஒவ்வொரு முனையத்தின் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. முனையம் தொடர் கேபிள் வழியாக அந்தப் பெட்டியோடு பேசியது, ரேடியோ வேலை முழுவதையும் பெட்டி பார்த்துக்கொண்டது. வெளிவகை அடாப்டரின் முன்னோடி அதுவே.

1985இல் அமெரிக்கக் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம், 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் பரவல் அலைமுறைக் கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்புகளுக்கு விடப்பட்டு, தகவல் தொடர்புக்கு உதவாதவை என்று கருதப்பட்ட பட்டைகள் இவை. இந்த ஒரு முடிவு இல்லாமல் வைஃபை என்ற தொழிலே எழுந்திருக்காது.

அந்த வாய்ப்பை முதலில் பயன்படுத்திய நிறுவனங்களுள் ஒன்று, கடைகளுக்குப் பணப்பதிவுக் கருவிகள் செய்துவந்த என்சிஆர். கடையின் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் கருவிகளுக்குப் புதிதாகக் கேபிள் இழுக்க வேண்டியிருந்தது அதன் வாடிக்கையாளர்களுக்குப் பெரும் தொல்லை. நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியாளர்கள் இதற்காக வேவ்லான் அட்டையை உருவாக்கினார்கள். மேசைக்கணினியின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் அமரும் அந்த அட்டை நொடிக்கு 2 மெகாபிட் வேகம் தந்தது; ஆன்டெனா ஒரு கேபிளின் முனையில் தனியாக நின்றது. உள்வகை அடாப்டரின் தெளிவான முதல் வடிவம் இதுதான். ரேடியோ உள்ளே, ஆன்டெனா வெளியே என்ற அந்த அமைப்பு இன்றும் சிறந்ததாக நிற்கிறது.

என்சிஆர் பொறியாளர் விக் ஹேய்ஸ் 1990 முதல் பத்தாண்டுகள், வைஃபைக்கான தரநிலையை வகுத்த ஐஇஇஇ 802.11 குழுவின் தலைவராக இருந்தார். முதல் தரநிலை 1997இல் வெளிவந்தது. வேகம் 2 மெகாபிட். 1999இல் வந்த 802.11பி அதை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஏர்போர்ட் என்ற பெயரில் வைஃபையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அந்த ஆண்டின் பவர்மேக் ஜி4 மேசைக்கணினிகள் சிலவற்றில் ஏர்போர்ட் அட்டைக்கெனத் தனி ஸ்லாட் இருந்தது; ஆன்டெனாவும் பெட்டியிலேயே வைக்கப்பட்டிருந்தது.

இந்தக் காலத்தில் மடிக்கணினிகளுக்கான பிசிஎம்சிஐஏ அட்டைகளே பெருமளவில் உற்பத்தியாயின. ஏர்போர்ட் அட்டையும் அந்த வடிவத்தில் அமைந்த, லூசென்ட் நிறுவனத்தின் தயாரிப்பே. மேசைக்கணினிக்கு லூசென்ட் விற்ற ஓரினோகோ பிசிஐ அடாப்டரும் சொந்த ரேடியோ இல்லாத ஒரு தாங்கி. மடிக்கணினி அட்டையை அதில் செருக வேண்டும். இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளிலும் இந்த மரபு தொடர்கிறது. பலவற்றில் உலோக உறையை அகற்றினால், மடிக்கணினிகளில் இருக்கும் அதே எம்.2 அட்டை ஒரு சிறு பலகைமேல் திருகப்பட்டிருப்பதைக் காணலாம். பொத்தான் போன்ற இரு நுண் இணைப்பிகளிலிருந்து மெல்லிய கம்பிகள் பின்தகட்டின் ஆன்டெனா முனைகளுக்குப் போகின்றன.

வெளிவகை மீண்டும் தலைதூக்கியது யூஎஸ்பி வந்த பிறகு. யூஎஸ்பி 1.1 தந்த 12 மெகாபிட், 802.11பி-க்கு ஏறக்குறைய அளவாக இருந்தது. 2003இல் 54 மெகாபிட் வேகத்துடன் 802.11ஜி வந்தபோது, 480 மெகாபிட் கொண்ட யூஎஸ்பி 2.0 பரவியிருந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்ற விதி 2005 ஜனவரியில் வந்தது.

ஆன்டெனாவும் கேபினெட்டும்

எஃகுக் கேபினெட் ரேடியோ அலையைத் தடுக்கும். அதனால் உள்வகை அட்டையின் ஆன்டெனாக்கள் பின்பக்கம் வெளியே நிற்கின்றன. ஆனால் கணினி பெரும்பாலும் மேசைக்கு அடியில், முதுகைச் சுவரில் ஒட்டியபடி வைக்கப்படுகிறது. அந்நிலையில் கேபினெட்டே ரவுட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் குறுக்கே நிற்கும் சுவராகிவிடுகிறது. தீர்வு எளிது: காந்த அடிப்பகுதியும் ஒரு மீட்டர் அளவு கேபிளும் கொண்ட ஆன்டெனாவை மேசைமேல் வைத்தால் போதும். பின்தகட்டில் உள்ள முனைகள் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ வகை என்பதால் ஆன்டெனாவை மாற்றுவது கடினமில்லை. கேபிளில் அலை ஓரளவு இழக்கப்படும், அலைவெண் உயர உயர அந்த இழப்பும் கூடும் என்பதால் தேவைக்கு மேல் நீளம் கூடாது.

நானோ டாங்கிளில் ஆன்டெனா என்பது சில மில்லிமீட்டர் நீளமுள்ள செம்புத்தடம் மட்டுமே. பின்பக்கப் போர்ட்டில் செருகினால் கேபினெட்டின் நிழலிலேயே அது கிடக்கும். அதே டாங்கிளை நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மேசைமேல் கொண்டுவந்தால் இணைப்பு கண்கூடாக மேம்படும்.

இணைப்புப் பாதையும் வேகமும்

பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறை எக்ஸ்1 ஸ்லாட் நொடிக்கு 500 மெகாபைட் கடத்தும். அட்டை தரவை நேரடியாகக் கணினியின் நினைவகத்தில் எழுதுகிறது. யூஎஸ்பியில் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் கணினியே தொடங்க வேண்டும். இதனால் தாமதம் சிறிது கூடுகிறது. இணைய விளையாட்டுக்கும் காணொலி அழைப்புக்கும் உள்வகை ஏற்றது என்பது இதனால்தான்.

உறையில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ‘ஏசி 1200’ என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட் ஆகியவற்றைக் கூட்டி முழுமையாக்கிய எண். அடாப்டர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் இணைகிறது. அத்தகைய டாங்கிளை யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால், 480 மெகாபிட் என்ற உச்சவரம்பு 867ஐப் பாதியாக வெட்டிவிடும்.

குறுக்கீடு

யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலை எழுப்புகின்றன என்று இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை காட்டியது. வெளி ஹார்ட் டிஸ்க் இணைந்த போர்ட்டுக்குப் பக்கத்திலேயே நானோ டாங்கிளைச் செருகுவோர் இதனால் பாதிக்கப்படுகிறார்கள். ஆன்டெனாவைத் தள்ளி வைப்பதும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதும் இதற்கு மருந்து.

டிரைவரும் புளூடூத்தும்

இன்டெல் அட்டைகளுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே உள்ளது. யூஎஸ்பி டாங்கிள்களில் மீடியாடெக் சிப்புகள் பலவற்றுக்கு அவ்வாறே உண்டு. ரியல்டெக் சிப்புகள் பலவற்றுக்கு நெடுங்காலம் தனியே தொகுத்து நிறுவ வேண்டியிருந்தது. சில டாங்கிள்கள் செருகியவுடன் டிரைவர் உள்ள குறுந்தட்டு இயக்கியாகத் தம்மைக் காட்டிக்கொண்டு, பிறகே வைஃபை கருவியாக மாறும். லினக்ஸில் அந்த மாற்றத்துக்கு யூஎஸ்பி மோடுஸ்விட்ச் என்ற நிரல் தேவைப்படலாம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளில் உள்ள புளூடூத், ஸ்லாட் வழியே இயங்குவதில்லை. அட்டையிலிருந்து ஒரு சிறு கேபிளை மதர்போர்டின் ஒன்பது ஊசி யூஎஸ்பி முனையில் மாட்ட வேண்டும். வைஃபை வேலை செய்தும் புளூடூத் தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கேபிளைத்தான்.

தேர்வு

ஒரே இடத்தில் பல ஆண்டுகள் இயங்கப்போகும் மேசைக்கணினிக்கு உள்வகையே தகுந்தது. போர்ட்டை அடைக்காது, நீளமான வெப்பத்தகடு இருப்பதால் சூட்டைத் தாங்கும், ஆன்டெனாவையும் மாற்ற இடம் தரும். கேபினெட்டைத் திறக்க முடியாத வாடகை அல்லது அலுவலகக் கணினிக்கும், காலியான ஸ்லாட் இல்லாதவற்றுக்கும், பல கணினிகளில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும் வெளிவகை பொருந்தும். அப்போது நானோவைத் தவிர்த்து, யூஎஸ்பி 3.0 கொண்ட பீடவகையை வாங்குவது நல்லது.

இன்றைய நிலை

2019இல் வைஃபை 6, 2024 ஜனவரியில் வைஃபை 7 ஆகியவற்றுக்கான சான்றளிப்பு தொடங்கியது. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் வைஃபை உள்ளமைந்தே வருகிறது.