வண்டிச்சத்தமும் கோப்பிக் காலமும்: கண்டி – கொழும்புச் சரக்குப் போக்குவரத்து

இலங்கைக் கோப்பிப் பெருந்தோட்டங்களின் வரலாற்றைப் பேசுங்கால் விளைச்சலும் இலண்டன் விலையும் முதலில் நினைவுக்கு வருகின்றன. மலைக்கும் துறைமுகத்திற்கும் இடைப்பட்ட வண்டிச்சத்தம் பின்தங்கிவிடுகின்றது.

கண்டியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 72 மைல். 1820களில் பெருவீதி அமையுமுன் பொதிமாடுகளே மலையேறின; பின்னர் இரட்டை மாட்டுவண்டிகள் வந்தன. வண்டிக்காரருள் பெரும்பாலோர் கரைநாட்டுச் சிங்களவர். அறுவடை முடிந்ததும் சரக்கு முழுவதும் ஒரே காலத்தில் இறங்கியமையால் வண்டிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. உழவுக் காலமோ கால்நடை நோயோ உடன் சேருமாயின் சத்தம் மேலும் ஏறும்.

இறங்கிய வண்டிகள் வெறுமையாகத் திரும்பவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கொழும்புக்கு வந்த அரிசியை அவை மலைக்கு ஏற்றிச் சென்றன. அவ்வரிசியே தமிழ்த் தொழிலாளரின் உணவு. தோட்டத்தில் அளந்து கொடுக்கப்பட்டு, விலை கூலியிற் கழிக்கப்பட்டது. ஆகவே வண்டிச்சத்தத்தைத் துரைமாரின் செலவாக மட்டும் கணக்கிடுதல் பொருந்தாது. அத்தொழிலாளரோ மன்னார்க் கரையிலிருந்து மலைநாட்டுக்கு நடந்தே வந்தனர். அவ்வழியிற் சத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இருப்புப்பாதைக்கென 1845இலேயே ஒரு நிறுவனம் தோன்றியது. புகையிரதம் கண்டியை எட்டியதோ 1867இல். பெருவீதிச் செலவு தணிந்தது. ஆயினும் தோட்டங்கள் அதற்குள் இன்னும் உயரே பரவியிருந்தமையால், நிலையம் வரை மாட்டுவண்டியே வேண்டியிருந்தது. நாவலப்பிட்டிக்குப் பாதை சென்றது 1874இல். 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோய் அப்போது கோப்பியை அரித்துக்கொண்டிருந்தது.