மல்லேஸ்வரத்துக்கும் விமானபுரத்துக்கும் இடையே ஒரு தகடு

காகிதத்தை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாக மடிக்கலாம். ஒரு பந்தின்மீது கசங்காமல் படியவைக்க மட்டும் முடியாது. பரப்பை நீட்டாமலோ சுருக்காமலோ அதன் உள்ளார்ந்த வளைவை மாற்ற இயலாது என்பதைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கௌஸ் 1827இல் நிறுவினார். குடம் தட்டும் கன்னாருக்கு இது புதிய செய்தியன்று. தகட்டின் நடுவை அடித்தால் அது மெலிந்து விரியும். விளிம்பு விரியாது. விரிந்த பரப்புக்குத் தட்டையில் இடமில்லாததால் நடு புடைத்தெழும். குடத்தின் வயிறு இவ்வாறே உருவாகிறது.

சுத்தியலின் இவ்வேலையை இரு சக்கரங்களுக்கு மாற்றித் தருவது வீலிங் மெஷின். வளைந்த இரும்புச் சட்டத்தின் வாயில் மேலே தட்டை முகமுள்ள பெரிய சக்கரமும், கீழே சற்றுக் குவிந்த முகமுள்ள சிறிய சக்கரமும் இருக்கும். கீழ்ச் சக்கரத்தைத் திருகால் உயர்த்தி அழுத்தம் கூட்டுவர். தொழிலாளி தகட்டை அவற்றினூடே முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தின்மீது சிறிது ஏறும்படி நகர்த்துவார். பெரும்பாலும் மோட்டார் கிடையாது. விசை, திசை, அளவு மூன்றும் கையினுடையவை. ஆழமான வளைவு தேவையெனில் முதலில் மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியலால் குழிப்பர். அப்போது விழும் மேடுபள்ளங்களைச் சக்கரம் சமன்செய்யும். ஓரிடத்தில் ஒரு தடம் மிகுந்தாலும் தகடு நெளிந்துவிடும், எளிதில் மீளாது. பிரிட்டானியர் ‘வீலிங் மெஷின்’ என்பதை அமெரிக்கர் ‘இங்கிலீஷ் வீல்’ என்கின்றனர். தன் கருவிக்கு ஊர்ப்பெயர் சூட்டும் தேவை அயலாருக்கே எழுகிறது போலும்.

இக்கருவியின் பொற்காலம் மோட்டார் வாகனக் கூண்டுகளோடும் உலோக வானூர்திகளோடும் தொடர்புடையது. பெங்களூருக்கு அத்தொழில் வந்த கதை அறியப்பட்டதே. வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் முதலீட்டாலும் 1940 டிசம்பரில் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம் நகரின் கிழக்கே தோன்றியது. அப்பகுதியே பின்னர் விமானபுரம் ஆயிற்று. 1942 டிசம்பரில், மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள இந்திய அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கப்பட்டது. அதை உருவாக்கிய வி. எம். காட்டகே, கௌஸின் அதே கோட்டிங்கனில் பிராண்டலின் மாணவராக முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு நிறுவனத்துக்குத் திரும்பிய அவருடைய வடிவமைப்பில், முழு உலோகப் பயிற்சி வானூர்தியான எச்.டி-2 1951 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது.

வரலாறு வழக்கமாக இவ்விடத்தில் நிறைவு கொள்கிறது: முதலாளி, திவான், பேராசிரியர், விமானி. ஆனால் வரைபடத்துக்கும் வானூர்திக்கும் இடையே ஒரு தகடு இருக்கிறது. முடிவில் வளைவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வரைபடம் சொல்லும். எத்தனை தடங்களில், எவ்வழுத்தத்தில் அதை எட்டுவது என்பதைச் சொல்லாது. எஞ்சின் மூடி, இறக்கை உடலோடு சேரும் இடம், மூக்கு நுனி ஆகியவை எல்லாத் திசைகளிலும் வளைபவை. ஆயிரக்கணக்கில் செய்தால் அச்சு வார்த்து அழுத்தலாம். சில பத்துகளில் செய்யும் தொழிற்சாலைக்கு அச்சின் செலவு கட்டுப்படியாகாது. எனவே உலகெங்கும் அக்கால வானூர்திக் கூடங்களில் கைவினைஞர் இன்றியமையாதவராயினர். அவர்களைப் ‘பின்தங்கிய’ தொழில்நுட்பத்தின் எச்சம் எனக் கருதுவது பிழை. சிற்றளவு உற்பத்தியின் பொருளியலே அவர்களைக் கோரியது.

சொற்களும் இதற்குச் சாட்சி. ‘தகடு’ தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. இரு மொழியினரும் கலந்து உழைத்த பெங்களூர்ப் பட்டறையில் அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் ஊர் ஊராய்ச் சென்று ஓட்டை அடைப்பவரைக் குறித்து, இகழ்ச்சியும் ஏறிய ‘டிங்கர்’, தமிழ்ப் பட்டறையில் வாகனக் கூண்டின் ஒடுக்கு எடுத்து வளைவை மீட்கும் வல்லுநரின் பெயராக உயர்ந்தது. சக்கரத்துக்குத் தனித் தமிழ்ச்சொல் வழக்கூன்றவில்லை. செய்பவருக்குப் பெயர் கிடைத்தது, கருவிக்குக் கிடைக்கவில்லை.

போர் முடிந்ததும் கான்பூரில், மீண்டும் பயன்படாதபடி சிதைத்துக் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு வானூர்திகளில் ஏறத்தாழ 40ஐ இந்நிறுவனம் மீட்டது. ஓரளவு செப்பனிட்டு அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்த விமானி முன்ஷியின் பெயர் நூல்களில் உள்ளது. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் அணி அவற்றோடு பணி தொடங்கியது. 1968 வரை அவை பறந்தன. சில இன்று இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அங்குள்ள விளக்கப் பலகைகளை வாசிக்கும் ஆய்வாளர், பலகையைவிட்டு நகர்ந்து தகடுகளின் ஒட்டுகளையும் தறையாணி வரிசைகளையும் பார்ப்பது நல்லது. பெங்களூர்க் கைகளின் வேலை ஏட்டில் எழுதப்படாத அளவுக்கு அங்கே பதிந்திருக்கக்கூடும்.