கிளையே மரமான கதை

கணிப்பொறிக்கு நம் மொழி தெரியாது. அது அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே குறிகள். நீங்கள் 'சி' போன்ற மொழியில் எழுதும் நிரலை அக்குறிகளாக மாற்றித் தருவதும் ஒரு நிரல்தான். அதற்குக் கம்பைலர் என்று பெயர்.

அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் ஜி.சி.சி. என்னும் கம்பைலரை வெளியிட்டார். அதை யாரும் படியெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். 1985இல் அவர் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதைப் பேணி வந்தது.

விதி தாராளமானது. நடைமுறையோ அப்படியில்லை. எந்தத் திருத்தத்தை ஏற்பது என்பதை ஒரு சிலரே முடிவு செய்தனர். உருவாகி வரும் படிவத்தைப் பார்க்கவும் ஒரு சிறு குழுவினருக்கே வழியிருந்தது. வெளியார் அனுப்பிய திருத்தங்கள் நெடுநாள் காத்துக் கிடந்தன.

அவர்களைக் குறுகிய மனத்தினர் என்று எண்ணிவிடாதீர்கள். கம்பைலரில் ஒரு பிழை நுழைந்தால், நீங்கள் பிழையின்றி எழுதிய நிரலும் தவறான விடை தரும். குற்றம் எங்கே என்று தெரியாமல் உங்கள் நிரலையே துருவிக் கொண்டிருப்பீர்கள்! ஆகவே எச்சரிக்கை தேவைதான். ஆனால் காத்திருந்தவர்கள் கைகட்டி இருக்கவில்லை. ஃபோர்ட்ரான் மொழிக்கு ஒருவர், பெண்டியம் சில்லுக்கு வேறொருவர் எனத் தனித்தனியே படிவங்களைச் செய்து கொண்டனர். ஒன்றிலுள்ள நன்மை மற்றதில் இல்லை. பிழையைத் தடுக்கப் போட்ட வேலி உழைப்பைச் சிதறடித்தது என்றே சொல்ல வேண்டும்.

1997 ஆகஸ்டில் சிக்னஸ் நிறுவனப் பொறியாளர்கள் உள்ளிட்ட பலர் கூடி, சிதறிய படிவங்களை இணைக்கும் ஈ.ஜி.சி.எஸ். என்னும் கிளையைத் தொடங்கினர். விதி இடம் தந்ததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வேலை நடக்கும்போதே எவரும் அதைப் பார்க்கலாம். தனி மனிதரோ ஒரே நிறுவனமோ பிடியை இறுக்கிவிடாதபடி, 1998இல் வழிநடத்தும் குழு ஒன்றும் அமைந்தது.

தாய்மரமும் கிளையும் சிறிது காலம் அருகருகே வளர்ந்தன. புதிய திருத்தங்கள் பெரும்பாலும் கிளையையே நாடின. 1999 ஏப்ரலில் அறக்கட்டளை ஒரு முடிவுக்கு வந்தது. பிரிந்து சென்றவர்களையே ஜி.சி.சி.யின் முறையான பொறுப்பாளர்களாக ஏற்றது. தன் பிடியைத் தளர்த்துவது எளிதான செயலன்று. அதற்காக அறக்கட்டளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவ்வாண்டு ஜூலையில் 2.95 என்னும் படிவம் வெளிவந்தது. 'குனு சி கம்பைலர்' என்றிருந்த பெயரின் விரிவும் மாறிற்று. சுருக்கத்தின் மூன்று எழுத்துகள் அப்படியே நிற்க, அவை 'குனு கம்பைலர் கலெக்ஷன்', அதாவது பல மொழிகளுக்கான கம்பைலர்களின் தொகுப்பு, என்று பொருள்படலாயின.