இரண்டாம் வாக்கியம்: 1990 பெங்களூரு விசாரணை அறிக்கையும் தானியங்கியைக் கண்காணிக்கும் விமானியும்

தானியங்கியைக் கண்காணிப்பதே விமானியின் முதன்மை வேலையாக மாறிய கதையை இந்தியாவில் எழுதப் புகுந்தால் 1990 பிப்ரவரி 14-ஐத் தாண்டிப் போக முடியாது. அன்று மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, பெங்களூரு ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம் ஏ-320 விமானங்களை 1989-இல்தான் பெறத் தொடங்கியிருந்தது. விபத்து நடந்த அதே மாதத்தில் அவற்றை அரசு பறக்கவிடாமல் நிறுத்தியது.

நீதிபதி சிவசங்கர பட் தலைமையிலான விசாரணை நீதிமன்றம் காரணத்தை இரண்டு வாக்கியங்களில் சொன்னது. முதல் வாக்கியம் விமானிகளைப் பற்றியது. விமானம் ‘ஐடில் ஓபன் டிசென்ட்’ நிலையில் (எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் கிடக்க, வைக்கப்பட்ட இலக்கு உயரத்தை நோக்கி இறங்கும் நிலை) இறங்குவது தெரிந்திருந்தும், 400, 300, 200 அடி என்று உயரம் அறிவிக்கப்பட்ட பின்னும், நிலைமையின் கடுமையை உணர்ந்து த்ராட்டிலை உடனே முன்னே தள்ளவில்லை என்கிறது. தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் விமானம் அந்த நிலைக்குள் ஏன் போயிற்று என்பதைக் கண்டறிய இயலாது என்கிறது இரண்டாம் வாக்கியம். என் கருத்து வேறுபாடு முதல் வாக்கியத்திலுள்ள ‘தெரிந்திருந்தும்’ என்ற ஒரு சொல்லோடுதான்.

காக்பிட் ஒலிப்பதிவின் கடைசிப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். இவ்வளவு நேரமும் ஐடில் ஓபன் டிசென்டில் இறங்குகிறீர்களே என்கிறது ஒரு குரல். நீதிபதி ‘தெரிந்திருந்தும்’ என்று எழுத இடம் தந்த வரி இது. ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. 300 அடி அறிவிப்பு வருகிறது. ஃப்ளைட் டைரக்டர்களை, அதாவது விமானிக்குத் திரையில் வழிகாட்டும் கருவிகளை, அணைக்கவா என்று கேள்வி எழுகிறது. என்னுடையதை ஏற்கெனவே அணைத்துவிட்டேன் என்று பதில். என்னுடையதை அணைக்கவில்லையே என்கிறது மறுகுரல். 200 அடி அறிவிக்கப்பட்ட பிறகு வருகிற கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: இன்னும் ஆட்டோபைலட்டில்தான் இருக்கிறீர்களா? இல்லை, அணைத்தாயிற்று என்று பதில் வருகிறது.

ஆட்டோபைலட் இணைப்பில் இருக்கிறதா இல்லையா என்று 200 அடிக்குக் கீழே கேட்க நேர்ந்தவர்களை இயந்திரத்தின் நிலை தெரிந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? அந்த நிலையின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது, அதனால் எஞ்சின் என்ன செய்யும் என்பது தெரிந்திருக்கவில்லை. அவர்கள் செயலற்று உட்கார்ந்திருக்கவும் இல்லை. கையால் ஓட்டும்போது இரண்டு ஃப்ளைட் டைரக்டர்களும் அணைந்தால், தானியங்கித் த்ரஸ்ட் வேகத்தைக் காக்கும் நிலைக்குத் தானே திரும்பிவிடும். ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தால் எஞ்சின்கள் ஐடிலிலேயே கிடக்கும். சரியான தீர்வின் பாதியை அவர்கள் செய்து முடித்திருந்தார்கள்.

நீதிபதியின் பக்கமும் வலு இருக்கிறது. 132 நாட் இருக்க வேண்டிய வேகம் 106 வரை சரிந்தது, அதை இருவர் முன்னாலிருந்த திரைகளும் காட்டின. வேகம் குறைந்தால் எந்தச் சுவிட்சையும் தேடாமல் த்ராட்டிலைத் தள்ள வேண்டும் என்பது விமானப் பயிற்சியின் அரிச்சுவடி. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் போயிங் 737-இல் தானியங்கி எஞ்சின் விசையைக் குறைத்தால் த்ராட்டில் கண்ணெதிரே பின்னோக்கி நகரும், அதன்மேல் வைத்த கைக்குத் தகவல் தெரிந்துவிடும். ஏ-320-இல் தானியங்கி என்ன செய்தாலும் லீவர் அசையாது. கையால் நடந்துவந்த கண்காணிப்பு முழுவதையும் இந்த வடிவமைப்பு கண்ணிடம் ஒப்படைத்தது. இந்த மாற்றத்துக்கு அறிக்கையின் முதல் வாக்கியம் இடமே தரவில்லை.

இனி இரண்டாம் வாக்கியம். இங்கே சான்று மெலிந்தது, ஆகவே வாதத்தை இன்னும் அடக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐடில் ஓபன் டிசென்டுக்குச் சற்று முன், நிமிடத்துக்கு 700 அடி இறக்க வேகம் என்று ஒலிப்பதிவில் பேச்சு வருகிறது. இறக்க வேகத்துக்கும் உயரத்துக்கும் உரிய குமிழ்கள் ஒரே பலகையில் இருக்கின்றன. இறக்க வேகக் குமிழுக்குப் பதிலாக உயரக் குமிழில் 700 வைக்கப்பட்டிருக்கலாம் என்ற ஊகம் விசாரணையிலேயே எழுந்தது. பெங்களூரு பழைய விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருந்தது. ஆகவே 700 அடி என்ற இலக்கு தரைக்கு வெகு கீழே விழும். அதைத் தேடி இறங்கும் இயந்திரத்துக்கு வழியில் நிற்க இடமே கிடையாது. இதுவே நடந்தது என்று நிறுவ முடியாது. நிகழக்கூடியதே என்பதற்கு ஒரு துணைச்சான்று உண்டு. 1992 ஜனவரி 20-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் அருகே இன்னொரு ஏ-320 மலையில் மோதி 87 பேர் இறந்தனர். 3.3 பாகைச் சரிவு என்று எண்ணி வைத்த 33 என்ற எண்ணை, நிமிடத்துக்கு 3,300 அடி என்று இயந்திரம் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதே அங்கு முதன்மை ஊகம். அதன்பின் அந்த எண்ணைக் காட்டும் திரை இறக்க வேகத்தை நான்கு இலக்கத்தில் காட்டும்படி மாற்றப்பட்டது. விமானியின் பிழையாக மட்டும் பார்த்திருந்தால் திரையை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

இன்று தில்லி மூடுபனியில், பார்வைத்தூரம் மிகக் குறைந்த நேரத்துக்கான கேட்-3 முறைப்படி இறங்கும் ஏ-320-இல் ஆட்டோபைலட்டே சக்கரத்தைத் தரையில் வைக்கிறது. 400 அடியில் திரையின் மேல்வரிசையில் ‘லேண்ட்’ தோன்ற வேண்டும். தரையை நெருங்கும்போது ‘ஃப்ளேர்’, சக்கரம் பதிந்ததும் ‘ரோல் அவுட்’. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து வாயால் சொல்வது விமானியின் கடமை. உரிய நேரத்தில் ‘லேண்ட்’ வராவிட்டால் விமானத்தை மேலே எழுப்பிவிட வேண்டும். பெங்களூருவில் 400 அடி அறிவிப்பு வந்தபோது உயரம் மட்டுமே உரக்கச் சொல்லப்பட்டது. எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த அறிவிப்பு சொல்லவில்லை. இன்றைய நடைமுறை பெங்களூருவிலிருந்து மட்டுமே பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். பல நாடுகளின் விபத்துகள் சேர்ந்து அதை உருவாக்கின. ஆனால் அது விடையளிப்பது, நீதிபதி பட் கண்டறிய இயலாது என்று விட்டுவைத்த கேள்விக்குத்தான். 605-இன் காரணத்தைப் பாடமாக எடுப்பவர்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்துவது தவறு.