காத்திருப்பும் ஓய்வும்: இந்தியச் சரக்குந்து ஓட்டுநரின் வேலைநேரச் சட்டங்கள்

இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் ஆலைத் தொழிலாளரின் வேலைநேரம் பற்றிய ஆய்வுகள் மிகுதி. ஆலைக்குச் சங்கு உண்டு, வாயில் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. சாலையில் உழைப்பவர்க்கு இம்மூன்றும் இல்லை. ஆகவே சரக்குந்து ஓட்டுநரின் வேலைநேரத்திற்கு எல்லை வகுக்க முற்பட்ட சட்டங்கள், அந்நேரத்தை எவ்வாறு அளப்பது என்ற வினாவுக்கே முதலில் விடை காண வேண்டியிருந்தது. அவ்விடை பேருந்துத் தொழிலை மனத்திற்கொண்டு அமைந்ததையும், அதனால் லாரி ஓட்டுநரின் காத்திருப்பு கணக்கில் ஏறாது போனதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, அரைமணி நேர ஓய்வின்றி 5 மணி நேரத்திற்குமேல் ஓட்டுநரிடம் வேலை வாங்கலாகாது என்றது. நாளொன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 54 மணி என்ற உச்ச அளவுகளையும் விதித்தது. அதே ஆண்டு சூன் திங்களில் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, சாலைப் போக்குவரத்துக்குரிய 67ஆம் உடன்படிக்கையை ஏற்றது. ஓட்டுநர் ஒவ்வொருவரும் தம் வேலையையும் ஓய்வையும் குறித்துவைக்கும் தனிநபர்க் கட்டுப்பாட்டுப் புத்தகம் இவ்வுடன்படிக்கையில் இடம்பெற்றது. அப்புத்தகத்திற்கெனவே 63ஆம் பரிந்துரை என்ற தனி ஆவணமும் உடன் நிறைவேறியது. இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை. ஆயினும் 22 ஆண்டுகள் கழித்து அதன் வாசகங்கள் இந்தியச் சட்டத்திற்குள் வந்து சேர்ந்தன.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என அளவைக் குறைத்தது. நெடுந்தொலைவுத் தடங்களுக்கும் விழாக் காலங்களுக்கும் உரிய அலுவலரின் ஒப்புதலோடு 10 மணி, 54 மணி வரை இடமளித்தது. ஒருநாள் வேலை முடிவுக்கும் மறுநாள் வேலைத் தொடக்கத்திற்கும் இடையே தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. கட்டுப்பாட்டுப் புத்தகம் மாநில விதிகளின் படிவங்களுள் ஒன்றாயிற்று. இவ்வளவும் தொழிலாளர்க்கு நலம் பயப்பனவே. சிக்கல் அளவுகளில் இல்லை, வரையறையில் இருக்கிறது.

அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு, தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரத்தையே வேலைநேரம் என்கிறது. ஜெனீவா உடன்படிக்கையின் சொல்லும் இதுவே. அடுத்து, வண்டி ஓடும் நேரம், துணை வேலைகளின் நேரம், முனையங்களில் 15 நிமிடத்திற்குக் குறைவான வெறும் இருப்பு ஆகியன அதில் அடங்கும் என விரிக்கிறது. அழைப்புக்கு மறுமொழி தரவோ, பணி அட்டவணையில் குறித்த நேரத்தில் மீண்டும் வேலையைத் தொடரவோ தம் இடத்தில் இருப்பதே வெறும் இருப்பு. முனையம், அட்டவணை, 15 நிமிடம் என்னும் மூன்றும் பேருந்துக்கு உரியவை. மதுரைக்குப் புறப்படும் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நிற்பதை இவ்வரையறை செவ்வனே அளக்கும். ஆலை வாயிலில் சரக்கேற்ற முறைவரும்வரை ஒருநாள் நிற்கும் லாரியையோ, ரிட்டன் லோடு கிடைக்கும்வரை அயல்மாநில நகரில் முடங்கிக் கிடக்கும் லாரியையோ அளக்க அதில் அளவுகோல் இல்லை.

தொழிலாளர் யார் என அச்சட்டம் தரும் பட்டியலும் இதையே காட்டும். ஓட்டுநர், நடத்துநர், கிளீனர், நிலையப் பணியாளர், தடச் சோதகர், முன்பதிவு எழுத்தர், காசாளர், பணிமனை எழுத்தர், நேரக்காப்பாளர், காவலர் என அப்பட்டியல் நீள்கிறது. இவருள் நெடுஞ்சாலை லாரியில் உடன்செல்வோர் ஓட்டுநரும் கிளீனரும் மட்டுமே. நேரக்காப்பாளர் இருக்கும் தொழிலுக்கு எழுதப்பட்ட சட்டம், நேரக்காப்பாளர் இல்லாத தொழிலையும் ஆளவேண்டியதாயிற்று.

அந்த ஆளுகையும் முழுமையானதன்று. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கே சட்டம் பொருந்தியது. இந்தியச் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி ஓரிரு வண்டி உடையவர் கையில் இருப்பது. நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் ஓட்டுநராகத் தொடங்கியவர் கடன்பெற்று ஒரு வண்டிக்கு உரிமையாளராவது பரவலான வழக்கம். தாமே ஓட்டி, ஓர் உதவியாளரோடு செல்பவருக்குக் கட்டுப்பாட்டுப் புத்தகம் எழுதித் தருபவர் எவர்? கூலியும் மணிக்கணக்கில் அமையவில்லை. நடைக்கு இவ்வளவு, வாடகையில் இத்தனை பங்கு, மாதச் சம்பளத்தோடு நாட்படி என வழக்கங்கள் பல. இவற்றுள் எதிலும் நின்ற நேரத்திற்கு மதிப்பில்லை. நின்ற நேரத்தை இரவில் ஓடி ஈடுசெய்வது இக்கூலிமுறையின் விளைவேயன்றி ஓட்டுநரின் பொறுப்பின்மை அன்று.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு வேலைநேர அளவுகளை 1961ஆம் ஆண்டுச் சட்டத்திடமே விட்டது. ஆனால் ஓட்டுநர் வேலை செய்யாதபோதும் வண்டியிலோ அதன் அருகிலோ இருக்கப் பணிக்கப்பட்டிருந்தால், அந்நேரத்தை எச்சூழலில் ஓய்வு இடைவேளையாகக் கருதலாம் என விதிக்கும் உரிமையை மாநில அரசுகளுக்கு அது அளித்தது. தார்ப்பாய்க்கும் டீசலுக்கும் சரக்குக்கும் காவலிருப்பவர் சட்டத்தின் பார்வையில் ஓய்வெடுப்பவராகிவிட வழி திறந்தது. ஏவலுக்கு உட்பட்ட நேரம் வேலை என்ற 1961ஆம் ஆண்டு வரையறையோடு இது எளிதில் பொருந்துவதன்று.

ஐரோப்பிய நாடுகள் இச்சிக்கலை வேறுவகையில் அணுகின. 1970ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, வண்டியின் இயக்கத்தைத் தானே பதியும் டேக்கோகிராப் கருவியைப் புகுத்தியது. அக்கருவியில் ஓட்டுதல், பிற வேலை, ஆயத்தநிலை, ஓய்வு என நான்கு நிலைகள் பிரிக்கப்பட்டன. காத்திருப்புக்கு ஆயத்தநிலை என்று ஒரு பெயரேனும் கிடைத்தது. 2006ஆம் ஆண்டு விதிகளின்படி நான்கரை மணி நேர ஓட்டத்திற்குப்பின் 45 நிமிட இடைவேளை வேண்டும். நாள் ஓய்வை வண்டியில் கொள்வதாயின் படுக்கை வசதி இருப்பதோடு வண்டி நின்றிருக்கவும் வேண்டும்.

இந்திய நடைமுறை இதற்கு மாறானது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 90ஆம் விதி, தேசிய அனுமதி பெற்ற வண்டிக்கு ஓட்டுநர் இருவர் வேண்டும் என்றது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாற்று ஓட்டுநர் கால்நீட்டி உறங்கத்தக்க முழு அகல இருக்கையையும் கட்டாயமாக்கியது. ஒருவர் ஓட்ட, மற்றவர் ஓடும் வண்டியிலேயே உறங்குவது விதியின் எதிர்பார்ப்பு. இருவர் என்ற நிபந்தனையும் 2018இல் விலக்கப்பட்டது.

சரக்கின் நேரமோ நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டது. 2017 சூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் மாநிலங்களின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. காத்திருப்பின் பெரும்பகுதி ஒன்று குறைந்தது. 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையே தொடங்கிய மின்வழிச் சீட்டு, 100 கிலோமீட்டருக்கு ஒருநாள் எனச் செல்லுபடிக் காலம் குறித்தது. 2021 சனவரி 1 முதல் அது 200 கிலோமீட்டருக்கு ஒருநாளாயிற்று. ஓட்டத்திற்கு இது கடுமையான அளவன்று. ஆனால் வழியில் நின்ற நேரமும் அதற்குள் அடங்கும். சரக்கு எத்தனை நாளில் சேரவேண்டும் என்பது கணினியில் இருக்கிறது. அதைக் கொண்டுசெல்பவர் எத்தனை மணி விழித்திருந்தார் என்பதற்கு அதில் இடமில்லை.

கோவை எலும்புமுறிவு மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், ஓட்டுநர் வேலைநேர விதிகளை நடைமுறைப்படுத்தும் வழிகளை மாநிலங்களோடு கலந்து காணுமாறு உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பர் 21இல் தொழிலிடப் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதனுள் கரைந்தது. 91ஆம் பிரிவு சுட்டும் பழைய சட்டத்தின் பெயரை, 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, இனிப் புதிய தொகுப்பைக் குறிப்பதாகவே கொள்ளவேண்டும். வண்டியருகே இருக்கப் பணிக்கப்பட்ட நேரத்தை ஓய்வாகக் கொள்ள இடந்தரும் வாசகம் அப்பிரிவில் அப்படியே நிற்கிறது.