கோப்பு இருக்கிறது, எழுத்து இல்லை: கணினியின் அமைப்புகளையும் பிரதி எடுத்து வையுங்கள்

தென்மராட்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பழைய சீலைத் துண்டால் சுற்றிய மடிக்கணினியை மேசையில் வைத்தார். "தம்பி, படமெல்லாம் கிடக்கு. கடிதங்கள்தான் ஒண்டும் வாசிக்கேலாமல் கிடக்கு" என்றார். 2009 இல் காணாமற்போன மகனைத் தேடி அவர் கொடுத்த மனுக்களின் பிரதிகள் அதில் இருந்தன. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு எழுதியது, பரணகம ஆணைக்குழுவுக்கு எழுதியது, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதியது என்று எல்லாமே அங்கேதான். திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக நின்றன.

கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் எதையும் அழிக்கவில்லை. 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற தெரிவைப் பாவித்து விண்டோஸை ரீசெட் செய்திருக்கிறார். சொன்னபடியே கோப்புகள் இருந்தன. கோப்புகளை வாசிக்க வைத்த அமைப்புகள்தான் போய்விட்டன.

இந்தப் பிரச்சினை எங்களுக்கு அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் பாமினி. பாமினியில் தட்டச்சு செய்த கோப்புக்குள் உண்மையில் தமிழ் எழுத்து ஒன்றுமே இல்லை. ஆங்கில விசைகளின் எழுத்துகள்தான் சேமிக்கப்பட்டிருக்கும்; அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. 'அம்மா' என்ற சொல் அந்தக் கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். எழுத்துரு கணினியில் இருக்கும்வரை அது அம்மா. இல்லாவிட்டால் குப்பை. விண்டோஸ் 2000 உடன் லதா எழுத்துருவும் தமிழ் ஒருங்குறியும் வந்துவிட்டாலும், யாழ்ப்பாணத்து அச்சகங்களும் தட்டச்சுக் கடைகளும் அலுவலகங்களும் அதற்குப் பிறகும் நீண்ட காலம் பாமினியையும் அதைப் போன்ற வேறு எழுத்துருக்களையும் விடவில்லை. போர்க்காலத்து ஆவணங்களில் பெரும்பகுதி அந்த எழுத்துருக்களில்தான் இருக்கிறது.

அந்த அம்மாவின் மனுக்களில் பாதி, பாமினியை நிறுவிய பத்து நிமிடத்தில் திறந்துவிட்டது. மீதிப் பாதி வேறொரு எழுத்துருவில் இருந்தது. வேர்ட் கோப்பு என்பதால் எழுத்துருவின் பெயர் மட்டும் மேலே தெரிந்தது. அதே எழுத்துரு இருந்த பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. நோட்பேடில் இருந்த சில குறிப்புகளில் அந்தப் பெயரும் இல்லை, ஏனென்றால் நோட்பேட் கோப்பு எழுத்துருவின் பெயரைச் சேமிப்பதில்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஊகித்து ஊகித்துத்தான் அவற்றை வாசித்தோம்.

கணினியின் அமைப்புகள் என்றால் என்ன, அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் இருக்கிறது. எந்த மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது, எந்த விசைப்பலகை, எந்த பிரிண்டர், எந்தச் சாரதி மென்பொருள் என்ற விபரம் எல்லாம் அதில்தான். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள், சிஸ்டம்32 இல் கொன்ஃபிக் என்ற இடத்தில் அதன் முக்கிய கோப்புகள் கிடக்கின்றன. விண்டோஸ் புதுப்பிப்பை நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அடிபடக்கூடியது இதுதான். 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மடிக்கணினியின் பற்றரி பழுதென்றால் அது மேசைக் கணினிக்குச் சமம். யுபிஎஸ் இல்லாமல் புதுப்பிப்பை நிறுவ வேண்டாம்.

பழைய வழிகாட்டிகள், காணொளிகள் பலவற்றில் 'ரெக்பக் கோப்புறையிலிருந்து பதிவேட்டை மீட்கலாம்' என்று சொல்லியிருப்பார்கள். அது இப்போது சரிவராது. விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பிலிருந்து விண்டோஸ் அந்தப் பிரதியைத் தானாக எடுப்பதை நிறுத்திவிட்டது. கோப்புறை இருக்கும், உள்ளே உள்ள கோப்புகளின் அளவு பூச்சியமாக இருக்கும்.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடிய மிக எளிய வேலை மீட்புப் புள்ளி. தேடும் பெட்டியில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பொயின்ட்' என்று எழுதித் திறவுங்கள். பல கணினிகளில் சி டிரைவுக்கு எதிரே பாதுகாப்பு 'ஓஃப்' என்று காட்டும். அதை 'ஓன்' செய்து, வன்தட்டில் 5 முதல் 10 சதவீத இடம் ஒதுக்கி, ஒரு புள்ளியை உருவாக்குங்கள். புதிய பிரிண்டர் பூட்ட முன்னர், பெரிய புதுப்பிப்புக்கு முன்னர் இன்னொன்று. பிழைத்துப்போனால் அந்த நாளின் அமைப்புக்குத் திரும்பலாம். உங்கள் கடிதங்களிலும் படங்களிலும் அது கைவைக்காது. விண்டோஸ் திறக்கவே மறுத்தால், தொடர்ந்து இரண்டு மூன்று தடவை தொடக்கம் தோற்றதும் நீல நிறத் திருத்தத் திரை தானாக வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' வழியாக 'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கிறது.

ஆனால் மீட்புப் புள்ளி இருப்பதும் அதே வன்தட்டில். தட்டு செத்தால் புள்ளியும் செத்தது. ரீசெட் செய்தாலும் போய்விடும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தபோது, வேறிடத்தில் இன்னொரு பிரதி இல்லாதவை நிரந்தரமாகப் போயின. ஒரே தட்டில் இருக்கும் இரண்டு பிரதிகளை நான் ஒரு பிரதி என்றே கணக்கு வைக்கிறேன்.

ஆகவே வெளி வன்தட்டு ஒன்று வேண்டும். கொன்ட்ரோல் பனலில் 'பக்கப் அன்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்று ஒரு பகுதி விண்டோஸ் 10 இலும் 11 இலும் இன்னும் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பழையது என்று விட்டுவிடாதீர்கள். அதில் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்' என்பதைத் தெரிந்தால் விண்டோஸ், மென்பொருட்கள், எழுத்துருக்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து முழுப் படிமமாக வெளித்தட்டில் எழுதும். அது உருவாக்கும் கோப்புறையின் பெயரை மாற்ற வேண்டாம், இன்னொரு கோப்புறைக்குள் நகர்த்தவும் வேண்டாம். மாற்றினால் மீட்கும்போது விண்டோஸுக்கு அது தெரியாது. கூடவே 'ரிக்கவரி டிரைவ்' என்று தேடி, 32 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றில் மீட்புத் தட்டும் உருவாக்குங்கள். பென்ட்ரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துபோகும், கவனம். உள்ளே உள்ள வன்தட்டு பழுதாகிப் புதியதைப் போட்டால், இந்தப் பென்ட்ரைவால் கணினியைத் தொடக்கிப் படிமத்தை ஏற்றலாம். புதிய தட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. முற்றிலும் வேறு கணினியில் ஏற்றினால் பெரும்பாலும் ஓடாது.

வெளித்தட்டு வாங்க இப்போது வசதியில்லை என்பவர்களுக்கு, ஒரு பழைய பென்ட்ரைவ் போதுமான வேலை ஒன்று இருக்கிறது. எழுத்துருக் கோப்புகளைப் பிரதி எடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபொன்ட்ஸ் என்ற இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. விண்டோஸ் 10 இன் பிற்காலப் பதிப்புகளில், வலது சொடுக்கில் வெறுமனே 'இன்ஸ்டோல்' கொடுத்த எழுத்துரு பாவனையாளரின் அப்டேற்றா கோப்புறைக்குள், லோக்கல், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் என்ற வழியில் ஒளிந்திருக்கும். இரண்டு இடத்திலிருந்தும் எடுங்கள். நீங்கள் பாவிக்கும் தட்டச்சு மென்பொருளின் நிறுவல் கோப்பையும், என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ எதுவானாலும், அதே பென்ட்ரைவில் போடுங்கள். விசைப்பலகை எந்த அமைப்பில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இது சின்ன விடயமில்லை. பாரிஸிலிருந்து உறவினர் அனுப்பிய பிரெஞ்சு விசைப்பலகைக் கணினி ஒன்றை ஆங்கில அமைப்பில் புதிதாக நிறுவிக் கொடுத்தார்கள். பாமினியில் பழகிய பிள்ளைக்கு எந்த விசையைத் தட்டினால் எது வருமென்று இரண்டு நாள் தெரியவில்லை.

ஏற்கெனவே போர்மட் அடித்துவிட்டார்களா? பழைய விண்டோஸுக்கு மேலேயே புதியதை நிறுவியிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறை இருக்கிறதா என்று உடனே பாருங்கள். பொதுவாக பத்து நாளில் அது தானாக அழிந்துவிடும். அதற்குள் பழைய எழுத்துருக்களை எடுத்துவிடலாம்.

நீண்ட காலத்துக்கு முக்கியமான கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றுவதுதான் வழி. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும் என்எச்எம் கொன்வேர்ட்டரும் இதைச் செய்யும். மாற்றிய பிறகு பெயர்களையும் திகதிகளையும் அடையாள அட்டை இலக்கங்களையும் ஒருதரம் மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் இருந்த சொற்களை மாற்றி தமிழென்று நினைத்துக் குழப்பிவிடும். பிடிஎஃப் ஆக்கி வைத்தால் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் வாசிக்கவும் அச்சிடவும் முடியும், ஆனால் பாமினிப் பிடிஎஃபிலிருந்து எழுத்தைப் பிரதி எடுத்து ஒட்டினால் திரும்பவும் அரைப்புள்ளிகள்தான் வரும்.

புதிய கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு திறந்த விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வன்தட்டு உங்களைக் கேட்காமலேயே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினாலோ பயோஸ் அமைப்பு குழம்பினாலோ 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கும். அது இல்லையென்றால் எந்தத் திருத்துநராலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்றைக்கே அந்தக் கணக்கில் உள்ளே போய் அந்த இலக்கத்தைத் தாளில் எழுதுங்கள். கணக்கைத் திறந்து தந்தது கடைக்காரர் என்றால், அவருடைய கணக்கா உங்களுடையதா என்று கேளுங்கள். நான் பார்த்த இரண்டு கணினிகளில் அது கடைக்காரருடையது.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், நிறையப் பேர் இப்போது கணினியை மாற்றுகிறார்கள் அல்லது புதிதாக நிறுவுகிறார்கள். கடைக்குக் கொடுக்க முன்னர் படிமமோ, குறைந்தது எழுத்துருக்களோ எடுத்தாயிற்றா என்று பாருங்கள். 'பைல் அழியாது' என்று கடையில் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதைக் கேட்டுத்தான் அந்த அம்மாவும் கொடுத்தார்.

பிரதியை எங்கே வைப்பது? அதே அலுமாரியில் வேண்டாம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் தாண்டியவர்களுக்கு, கையில் எடுத்த பைக்குள் எது இருந்தது, எது வீட்டோடு நின்றுவிட்டது என்பது இன்றைக்கும் நினைவிருக்கும். ஒரு பிரதி வேறு ஊரில் உள்ள சகோதரத்திடம், முடிந்தால் இன்னொன்று வெளிநாட்டு உறவிடம். ஆனால் சாட்சிகளின் பெயர், சம்பவ விபரம் உள்ள கோப்புகளை அப்படியே திறந்தபடி கொடுத்து அனுப்பாதீர்கள். வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் பென்ட்ரைவைப் பூட்டலாம். கடவுச்சொல்லை அதே உறையில் வைக்க வேண்டாம்.

அந்த அம்மாவின் மனுக்கள் எல்லாம் இப்போது ஒருங்குறியில் இருக்கின்றன, ஒரு தொகுதி அச்சடித்தும் கொடுத்தாயிற்று. பென்ட்ரைவை வன்னியில் இருக்கும் மகளிடம் விட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் அதைக் கணினியில் போட்டு, கடிதம் ஒன்றைத் திறந்து முதல் வரியை வாசித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.