மாற்று எஞ்சினுக்கு எந்த நிறம்?

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களிடம் ஒரு தீராத சண்டை உண்டு. வண்டியோடு பிறந்த எஞ்சின் பிளாக் போய்விட்டது, அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கம்பெனி நிறத்தையே அடிக்கலாமா, கூடாதா? வெறும் பெயின்ட் விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்து வண்டிகளில் இதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

சுதந்திரத்துக்கு முன்பு தென் மாவட்டங்களில் செவர்லே கார் என்றால் டி.வி.எஸ்.தான். அதன் நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்கார் திருக்குறுங்குடியில் பிறந்தவர். கார்கள் பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டப்பட்டு வந்தன. 1954ல் அந்த ஆலை மூடப்பட்டதும் உதிரி பாகங்கள் குதிரைக்கொம்பு ஆயின. போதாததற்கு, ஆறு சிலிண்டர் எஞ்சின் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது.

அப்போது கைகொடுத்தது சென்னை சிம்சன் கம்பெனி. 1950களில் அது பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. அதன் தலைவர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன், தாமிரபரணிக் கரையில் உள்ள ஆழ்வார்திருநகரிக்காரர். ஆக, காரை விற்றவரும் நெல்லைச் சீமை, மாற்று எஞ்சின் செய்தவரும் நெல்லைச் சீமை! நாட்டில் எத்தனையோ அமெரிக்கக் கார்கள் இந்த டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டுதான் காயலான் கடைக்குப் போகாமல் பிழைத்தன.

இனி பெயின்டுக்கு வருவோம். 1940களின் செவர்லே எஞ்சின் சாம்பல் நிறம். பெர்க்கின்ஸுக்குச் சாம்பல் அடித்து யாரை ஏமாற்றுவது? பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர் இருக்கவேண்டிய வண்டியில் டீசல் பம்ப் பல்லிளிக்கும். அதே மாடல் செவர்லே பிளாக்கையே வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்தால் சாம்பல் அடிப்பதில் தப்பே இல்லை. வார்ப்பிரும்பு, பெயின்ட் இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். ஆனால் பிளாக்கில் இருக்கும் எண்ணைச் சுரண்டிவிட்டு ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணைக் குத்துகிறார்களே, அது பித்தலாட்டம்.

2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகள் இந்தச் சண்டையைச் சூடாக்கிவிட்டன. 50 வயது தாண்டிய வண்டியாக இருக்கவேண்டும், எஞ்சின், சேஸிஸ், பாடி எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அப்படியென்றால் பெர்க்கின்ஸ் ஏற்றிய செவர்லேவுக்கு அந்தத் தனிப் பதிவு கிடைப்பது கஷ்டம். பதிவுக்காக அந்த எஞ்சினைக் கழற்றி எறிந்தால், இங்கே ஐம்பது அறுபது வருஷம் வண்டி ஓடிய கதையும் அதோடு காயலான் கடைக்குப் போகும். கழற்றாமல் வைத்திருப்பவர் துருவுக்காக எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்கட்டும், சிம்சன் பெயர்த் தகட்டின் மேல் மட்டும் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.